அரக்கிக்காகப் பேசியவள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்களுக்கு ஒரு மாயக்கதை நாவல் பாடமாக இருந்தது. அதற்கு முன்பு நாங்கள் படித்த ஆங்கிலப் பாடங்களில் எல்லாம் பனி பெய்துகொண்டே இருக்கும். யாராவது குதிரை வண்டியில் போய்க்கொண்டே இருப்பார்கள். வகுப்பில் கேட்டதைவிட, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே புத்தகக் கடையில் கிடைத்த கைடைப் படித்துத்தான் எல்லோரும் தேர்வு எழுதினோம். நானும் அப்படித்தான். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடும் வீட்டுப் பெண். இங்கிலீஷ் படித்தால் எங்காவது வேலை கிடைத்துவிடும் என்று அப்பா நம்பியதால் அந்தத் துறையில் சேர்ந்தவள். கதை படிக்கும் ஆசையெல்லாம் அப்போது எனக்கு இல்லை.

நாவலின் கதை இதுதான். ஒரு நாட்டில் மழையே இல்லை. நாட்டின் மேகங்களையெல்லாம் மலையுச்சியில் ஒரு அரக்கி ஆட்டுமந்தை போல வளைத்து வைத்திருக்கிறாள். அவற்றை மீட்டுவர ஒரு இளவரசி புறப்படுகிறாள். கூடவே அவளுடைய தாய்மாமன், அவர் ஒரு மந்திரவாதி. மூன்றாவதாக ஒரு கழுதை. அந்தக் கழுதை பேசும், ஆனால் பொய் மட்டும்தான் பேசும்.

அதை நடத்த வந்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். தினமும் சின்னசேலத்திலிருந்து பேருந்தில் வருவார். முதல் நாள் வகுப்பிலேயே, கைடு வாங்கியவர்கள் அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்றார். பிறகு கரும்பலகையில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாவல் முடியும் வரை அந்தப் பாத்திரமாகத்தான் வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் எடுக்கலாம்.

இளவரசிக்குப் போட்டி இருந்தது. எனக்கும் கிடைத்தது. களமருதூரிலிருந்து வந்த ஒரு பையன் கழுதையை எடுத்துக்கொண்டான். மந்திரவாதி, படைத்தலைவன், ராணி எல்லாம் போய்விட்டன. அரக்கியை மட்டும் யாரும் தொடவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், அதுக்குன்னே மலையிலேர்ந்து ஒரு ஆளு வந்துருக்குதே."

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை. அவள் கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். வெள்ளிமலைக்கும் அப்பால் அவள் ஊர். கள்ளக்குறிச்சியில் மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழில். இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், வகுப்பில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுத்ததைத் தவிர வாய் திறந்ததில்லை. என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் பேருந்து நிலையம் வரை நடக்கும்போது.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டு, எழுந்து நிற்கச் சொன்னார். அதற்குள் இவள் எழுந்து நின்றாள்.

"பரவால்லைங்க மேடம். நானே எடுத்துக்கறேன்," என்றாள்.

வேறு யாரும் அவளோடு சேரவில்லை. அரக்கிக்கு அவள் ஒருத்திதான்.

ஒரு மாதம் கழித்து, பாதி நாவல் முடிந்தபோது, மேடம் ஒரு விசாரணை வைத்தார். இளவரசி தரப்பு அரக்கியைக் கேள்வி கேட்க வேண்டும். என்னை முதலில் எழுப்பினார். எழுதிவைத்து மனப்பாடம் செய்த கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். எங்கள் நாட்டு மேகங்களை ஏன் திருடினாய் என்பது கேள்வி.

அவள் எழுந்தாள். "ஐ டிட் நாட் ஸ்டீல்," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தமிழ்ல சொல்லும்மா. அப்புறம் நாம ரெண்டு பேருமா இங்கிலீஷுக்கு மாத்திக்கலாம்," என்றார் மேடம்.

அவள் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "நான் திருடல. அதுங்களா மேல வந்துச்சுங்க. உங்க தாத்தா காலத்துல காட்டையெல்லாம் வெட்டித்தான் அரமன கட்டுனீங்க. நாலாவது சாப்டர்ல வருது. தங்க எடம் இல்லாம எங்கிட்ட வந்துச்சு. வந்தத மேய்ச்சேன். அவ்ளோதான்."

நாங்கள் நான்காவது அத்தியாயத்தைப் புரட்டினோம். அரண்மனையை வர்ணிக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. தூண்களுக்காக ஒரு காடே அழிந்தது என்று. நான் அதைப் படித்திருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை. மேடமும் தன் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. எனக்கும் தமிழ் வந்துவிட்டது. "சரி, நாங்க வந்து கேட்டப்பயாவது குடுத்திருக்கலாம் இல்ல?"

"நீ எங்க கேட்ட? வந்த ஒடனே உங்க மாமன வுட்டுக் கயிறு வீசச் சொன்ன. பத்தாவது சாப்டர பாரு, ஒரு வார்த்த பேசிருக்கியா எங்கிட்ட?"

பேசவில்லை. பத்தாவது அத்தியாயத்தில் இளவரசிக்கு அப்படி ஒரு வரியே இல்லை. அப்போது கழுதை எழுந்தான். முகத்தை மிகவும் பொறுப்பாக வைத்துக்கொண்டு, "நாங்க ரொம்ப மரியாதயாத்தான் கேட்டோம் மேடம். நான் பக்கத்துலயே இருந்தேன்," என்றான்.

வகுப்பே சிரித்தது. பொய் மட்டும் சொல்லும் கழுதை அவளுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிவிட்டது. அவளும் சிரித்தாள். முதல் நாள் அவளைக் கிண்டல் செய்த பின் வரிசைப் பையன்கூட மேசையைத் தட்டினான். எங்கள் வகுப்பில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் மேடத்தோடு மதிய நேரத்தில் உட்கார்ந்து, தான் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினாள். தப்பு வந்தால் திரும்பச் சொல்வாள். பேருந்து நிலையத்துக்கு நடக்கும் வழியெல்லாம் அரக்கி பேச்சுத்தான். அரக்கி மேகங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள், பேராசைக்காரி யாராவது அப்படிச் செய்வார்களா என்பாள். மழை பெய்யும் பக்குவம் வந்த மேகத்தை அவளே கீழே அனுப்பிவிடுவாள் என்று தோன்றுகிறது, கடைசியில் பார் என்பாள். பி.எட். முடித்து, தங்கள் மலைப் பள்ளியிலேயே ஆங்கிலம் நடத்த வேண்டும் என்ற ஆசையையும் அந்த நடையில்தான் சொன்னாள்.

இன்னும் இரண்டு அத்தியாயம் இருந்தது. மேடத்துக்குத் தெற்கே ஒரு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. கௌரவ விரிவுரையாளர் வேலை எப்போது போகும் என்று தெரியாது. அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. போகாமல் இருக்க முடியாது என்பது எங்களுக்கும் புரிந்தது. கடைசி வகுப்பில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் எங்கள் இருவரையும் நிறுத்தி, அவளிடம் சொன்னார். "எக்ஸாம்ல யாரோ சொன்னத எழுதாத. உன் மனசுக்குப் பட்டத எழுது. புக்குல ஆதாரம் காட்டினா யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான் அது.

அடுத்து வந்தவர் மீதியுள்ள பாடத்தைக் கைடிலிருந்து ஒரே வகுப்பில் சொல்லி முடித்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கேட்கும்போதே காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "நாமளே படிப்போம்டி. இந்த ஞாயித்துக்கிழம எங்க ஊருக்கு வா," என்றாள்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பேருந்தில் போனேன். அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் அதற்கு மேலே மலைக்குள் போனது அதுதான் முதல் தடவை. பேருந்து நின்ற இடத்தில் அவள் காத்திருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கடுக்காய் மரம். அதன் அடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தோம். புரியாத சொல்லைக் கைப்பேசியில் தேடலாம் என்றால் அங்கே சிக்னல் வரவில்லை. நாங்களே அர்த்தம் சொல்லிக்கொண்டோம். சில இடங்களில் எங்கள் அர்த்தம் புத்தகத்தைவிட நன்றாக இருந்திருக்கும்.

கடைசி அத்தியாயத்தில் மந்திரவாதியின் கயிறு அரக்கியின் கழுத்தில் விழுகிறது. அவள் பாறையாகிவிடுகிறாள். மேகங்கள் கீழே ஓடிவந்து மழை கொட்டுகிறது. நாட்டில் விருந்து. கழுதை முதல்முறையாக ஒரு உண்மையைச் சொல்கிறது. அதை யாரும் நம்பவில்லை. அதோடு கதை முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் அவள் படிக்க வேண்டிய பக்கம். நிறுத்தாமல் படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். கீழே கிடந்த கடுக்காயை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இத எழுதனவங்களுக்கு அவ மேல கோவம் இல்லடி. அவள பத்தி நெனைக்கவே இல்ல, அதான்," என்றாள் கடைசியில்.

அவளுடைய அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். அவ்வளவு நேரம் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். நான் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அரக்கி செத்ததைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

"மழ வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க."

"அப்பறம் இன்னா, நல்லதுதானே கண்ணு," என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடித்ததும் கடைசிப் பேருந்தில் நான் மலையிறங்கிவிட்டேன்.

தேர்வில் அரக்கியைப் பற்றித்தான் பெரிய கேள்வி வந்தது. தீமையின் உருவமாக அரக்கி எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறாள் என்று விளக்கச் சொல்லியிருந்தார்கள். கேள்வியைப் படித்ததும் நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் கைடில் இருந்த பேராசை, தனிமை, கொடுமை என்ற தலைப்புகளை அடிக்கோடிட்டு எழுதினேன். அவள் விடைத்தாள் போதாமல் கூடுதல் தாள் வாங்கினாள். மணி அடித்துக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நிற்கும் வரை எழுதினாள்.

வெளியே வந்ததும் அவள் விரல்கள் எல்லாம் மை. "அவ தீமையே இல்லன்னு ஆரம்பிச்சேன்டி. நாலாவது சாப்டர், பத்தாவது சாப்டர் எல்லாம் காட்டிட்டேன். இங்கிலீஷ்லயே," என்றாள். நாங்கள் எதிரே கரும்புச்சாறு குடித்தோம். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

முடிவு கைப்பேசியில் வந்தது. நான் தேறியிருந்தேன். அவள் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அந்த ஒரு தாளில் தோற்றிருந்தாள். எங்கோ தப்பு நடந்திருக்கும் என்று மறுமதிப்பீட்டுக்குப் போட்டோம். மாற்றம் இல்லை என்று வந்தது. விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கும் வழி ஒன்று இருந்தது. அதற்கான கடைசி நாள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசிவரை அந்தப் பதிலை நானோ மேடமோ படிக்கவில்லை. திருத்தியவர் அதை முழுதாகப் படித்தாரா என்பதும் தெரியாது. அவரிடம் கட்டுக் கட்டாகத் தாள் இருந்திருக்கும். விடைக்குறிப்பில் மூன்று தலைப்பு இருந்திருக்கும். அவையிருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை. அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நானும் அப்படித்தான் திருத்துகிறேன்.

பட்டம் இல்லாமல் பி.எட். சேர முடியாது. நான் சேர்ந்தேன். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அரியர் தேர்வுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அப்பா கரும்பு வெட்டுக்காரர்களோடு வயலில் இருந்தார். நானும் அவளும் மாடியில் உட்கார்ந்து படித்தோம். நான் கைடைப் பிரித்துக் கேள்வி கேட்பேன். அவள் ஒப்பிப்பாள்.

அரக்கி யார் என்று கேட்டேன்.

"பேராசையின் உருவம். தன்னலத்தின் சின்னம். நாட்டின் வளத்தைத் தனக்கென்று பூட்டி வைத்தவள்," என்று ஆங்கிலத்தில் ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். மறுபடி கேட்டபோதும் சொன்னாள். மதிய நேரத்தில் மேடத்திடம் பழகிய அதே உச்சரிப்பு, அதே நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

"போதும்டி," என்றேன்.

"ஏன், சரியாத்தான சொல்லிக்கினு இருக்கேன்?"

"சரியாத்தான் இருக்குது."

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கு யோசித்தாலும் பதில் கிடைப்பதில்லை. அவள் தேற வேண்டும். தேற வேறு வழி இல்லை. அவள் அம்மாவைக் கேட்டிருந்தாலும், அந்த மேடத்தைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். அவள் தேறினாள். நல்ல மதிப்பெண். அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியபோது ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டிருந்தாள்.

பி.எட். சேர்க்கை அதற்குள் முடிந்திருந்தது. அடுத்த வருடம் அவள் அண்ணன் அவளைத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்த்துவிட்டான். பிறகு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கச்சிராயபாளையத்தில் வேன் ஓட்டும் வேலை. இப்போது அவளும் அங்கேயே ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சென்ற வருடம் சின்னசேலம் ரயில் நிலையத்தில் மேடத்தைப் பார்த்தேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டு மகனோடு திரும்பிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அவளைப் பற்றித்தான்.

"உங்க அரக்கி எப்படி இருக்கா? டீச்சர் ஆயிட்டாளா?"

மறைக்க நினைத்தேன். முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் மகனின் கையை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா," என்றார்.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க மேடம்."

"நானே திருத்தறதா இருந்தா அப்படிச் சொல்லலாம். திருத்தப்போறது யாருன்னு தெரியாம சொல்லிட்டேன். சொல்லிட்டு நான் போயிட்டேன்."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அவளுடைய எண்ணை வாங்கிக்கொண்டார். பேசுவதாகச் சொன்னார்.

பேசியிருக்கிறார். அதை அவளே சொன்னாள், நான் அப்பாவின் பட்டா வேலைக்காக அவளிடம் போயிருந்தபோது. குழந்தைகளைப் பற்றி, மலைக்குப் புது ரோடு போட்டதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டார்களாம்.

"மன்னிச்சுக்கோன்னு சொன்னாங்கடி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான்தான் பாஸ் பண்ணிட்டேனே மேடம், இன்னாத்துக்கு மன்னிப்புன்னு கேட்டேன்."

அன்று கூட்டம் கம்மி. கொஞ்சம் பேச நேரம் இருந்தது. பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்குத் தேர்வில், கூடுதல் தாள் வாங்கி, என்ன எழுதினாய் என்று.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். அவள் முகத்தில் தெரிந்தது.

"அரக்கி பேராசையின் உருவம்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். "அது கைடு இல்ல?"

"ஆமா."

"அப்ப முன்னாடி எழுதனது... தெரியலடி. நெறய எழுதனேன். இன்னா எழுதனேன்னுதான் ஞாபகம் வர்ல."

நாலாவது அத்தியாயம் என்று நான் சொல்லியிருக்கலாம். காடு, தூண்கள், பெயர் வைத்த மேகங்கள் என்று எனக்கு நினைவிருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் ஒரு பெரியவர் கையில் ஆதார் அட்டையோடு வந்து நின்றார். அவள் அவருக்கு நாற்காலியைக் காட்டி, அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டத் தொடங்கினாள். அவர் விரல் ரேகை கருவியில் பதியவில்லை. எழுந்து போய், ஒரு துணியில் தண்ணீர் நனைத்து வந்து, அவர் விரலை மெதுவாகத் துடைத்துவிட்டு, மறுபடி வைக்கச் சொன்னாள்.